ரெஜின் ஊதிய தலையணை

வாய்ராமார்க்கா என்னும் ஊரில் ஆட்களைத் தலை பார்த்து எண்ணும் வழக்கம் இல்லை; அங்கே மூச்சைக் கேட்டுத்தான் எண்ணுவார்கள். பொலிவியா நாட்டின் மேட்டுச் சமவெளியில், மேகங்கள் காலுக்குக் கீழே மேய்கிற உயரத்தில் இருக்கிறது அந்த ஊர். குளிருக்காக எல்லோரும் கம்பளிக்கு மேல் கம்பளியாகப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதால், எது ஆள், எது மூட்டை, எது முடங்கிப் படுத்திருக்கும் லாமா மிருகம் என்று கண்ணால் சொல்வது கடினம். ஆனால் காற்று அவ்வளவு மெலிந்து கிடக்கும் இடத்தில், மூச்சு விடுகிற எதுவும் சத்தமில்லாமல் விட்டுவிட முடியாது. ஆகவே விடுதி நடத்துகிற ஹசிந்தா கதவைத் திறந்து, முதுகுப் பைகளோடு நின்ற மூன்று தமிழர்களை உள்ளே விட்டு, அவர்கள் பைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாய் பிளந்து மூச்சு வாங்கியபோது, அடுப்பைப் பார்த்தபடியே காதால் எண்ணி, மேசையில் நான்கு கிண்ணம் சூப் வைத்தாள்.

"மூணு பேருன்னு சொல்லு பிள்ளே. பாவம், கணக்கு தப்பிட்டு" என்றான் அஜின். அவன் மார்த்தாண்டத்தில் டைல்ஸ் கடை வைத்திருப்பவன். எங்கே போனாலும் முதலில் தரையைப் பார்த்துவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பான்.

ஷர்மிளா சொன்னாள். நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியையான அவள் இந்தப் பயணத்துக்காகவே செல்பேசியில் ஸ்பானிஷ் படித்தவள். ஹசிந்தா திரும்பிப் பாராமல் நான்கு விரல்களைக் காட்டினாள். பிறகு கையிலிருந்த அகப்பையை மூன்றாமவளான விஜிலாவின் பையை நோக்கி நீட்டினாள். பையின் பக்கவாட்டில் ஷூ கயிற்றால் கட்டித் தொங்கவிட்டிருந்த நீலநிறக் காற்றுத் தலையணை, கழுத்தைச் சுற்றி வைத்துக்கொள்ளும் லாட வடிவத் தலையணை, மெல்லப் புடைத்தது, மெல்லத் தளர்ந்தது, மறுபடி புடைத்தது.

விஜிலா அதைப் பார்த்தாள். யாருடைய மூச்சு என்று அவளுக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரெஜின் அவளுடைய கணவன். மற்ற இருவருக்கும் கல்லூரி நாளிலிருந்து கூட்டாளி. நாகர்கோவிலுக்குப் பக்கத்திலுள்ள புத்தளத்தில், உப்பளத்து ஓரத்தில் வளர்ந்தவன். பாத்தி பாத்தியாக அளந்து கட்டிய உப்பையே பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, வரப்பே இல்லாத உப்பு ஒன்று உலகத்தில் இருக்கிறது, கண்ணுக்கு எட்டும் தூரமெல்லாம் வெள்ளையாய், வெட்டி வார ஆளில்லாமல் கிடக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவனுக்கு அதே பேச்சுதான். நால்வரும் சேர்ந்து போவது என்று கல்லூரியின் கடைசி வருடத்தில் முடிவாயிற்று. பிறகு வேலை, கல்யாணம், கடை, வீடு என்று தள்ளித் தள்ளிப் போய், ஒருவழியாக டிக்கெட்டும் எடுத்து, பைகளும் வாங்கிச் சேர்த்த ஒரு மழைநாள் மாலையில், மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் தின்ற வாயோடு அவன் அந்தத் தலையணையை ஊதி, மூடியை அழுத்தி, விஜிலாவின் மடியில் எறிந்தான்.

"லீக் இருக்கான்னு காலைல பாத்துச் சொல்லு, கேட்டியா" என்றான்.

"பாக்கேன்" என்றாள் அவள், மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்காமல்.

காலையில் தலையணை ஊதினபடியே இருந்தது. ரெஜின் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர்.

அதன் பிறகு வந்த மழைக்காலமும் போய், அடுத்த கோடையும் போனபின், மூவரும் கிளம்பினார்கள். தலையணையின் காற்றை இறக்கிப் பையில் வை என்று விஜிலாவிடம் யாரும் சொல்லவில்லை. விமான நிலையத்தில் ஒரு அதிகாரி சொன்னார். அவள் முகத்தைப் பார்த்ததும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, போங்கள் என்று கை காட்டினார். நாகர்கோவிலிலிருந்து இந்த மலை வரைக்கும் அது வெறும் பிளாஸ்டிக்காகத்தான் வந்தது. இங்கே, ஒரு மூச்சுக்கு இரண்டு மூச்சாக எல்லோரும் இழுக்க வேண்டியிருக்கிற உயரத்துக்கு வந்ததும், உள்ளே இருந்ததும் இழுக்கத் தொடங்கிவிட்டது.

"சூப் ஆறுகிறது" என்றாள் ஹசிந்தா.

ஆகவே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான்காவது கிண்ணத்தை, மரியாதைக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அஜின் குடித்தான்.

அன்றிரவு விஜிலா தலையணையில் காதை வைத்துப் படுத்தாள். ரெஜினுக்குச் சின்ன வயதில் பந்தடித்து மூக்கெலும்பு வளைந்திருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் இடது மூக்கில் ஒரு சீழ்க்கை, தூரத்தில் யாரோ கன்றுக்குட்டியைக் கூப்பிடுவதுபோல, மெலிதாக வரும். கல்யாணமான புதிதில் அந்தச் சத்தத்தால் தூக்கம் வராமல் அவள் சண்டை போட்டிருக்கிறாள். அந்தச் சீழ்க்கை இப்போது நீலத் துணிக்குள்ளிருந்து வந்தது. அதைக் கேட்டுக்கொண்டே, அவன் போனபின் முதல் தடவையாக, அவள் விடியும்வரை தூங்கினாள்.

ஊர் அந்தச் செய்தியை, விருந்தாளி வந்த செய்தியை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டது. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. எங்கே உட்காரவைப்பது என்றுதான் கேட்டார்கள். சுகாதார நிலையத்துத் தாதி வந்து, ஸ்டெதஸ்கோப்பைத் தலையணையின் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்து, கடற்கரை ஆட்களெல்லாம் இப்படித்தான், காற்றைப் பேராசையாக இழுப்பார்கள், இது உயரத்து மூச்சிரைப்பு, ஓய்வு வேண்டும் என்று சொல்லி, கொக்கா இலைத் தேநீர் கொடுக்கச் சொன்னாள். அன்றிலிருந்து தலையணைக்கு முன்னால் ஒரு சின்னக் கோப்பையில் ஆவி பறந்துகொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவனை ஆண்கள் பக்கம் வைப்பதா, மனைவியின் மடியிலேயே விடுவதா என்று கோயில் வாசலில் ஒரு பேச்சு எழுந்தது. எங்கள் ஊர்க் கோயிலிலும் ஆண்கள் தனிப் பக்கம்தான் என்று விஜிலா சொன்னதும் வழக்கு தீர்ந்து, அஜின் அவனை வாங்கிக்கொண்டு ஆண்கள் வரிசையில் உட்கார்ந்தான். மாலைப் பந்தாட்டத்தில் கல்சுவரின் மேல் அவனுக்கு ஓர் இடம் ஒதுக்கினார்கள். தன் பக்கம் கோல் விழும்போது அவன் மூச்சு ஒரு கணம் நின்று போகிறது, ஆட்டம் தெரிந்த மனுஷன் என்று கோல்காப்பாளன் ஊரெல்லாம் சொன்னான்.

பிறகு ஊர்த்தலைவர் மார்செலினோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மலையிலிருந்து நீர் வரும் வாய்க்காலைத் தூர்வாரும் நாள் வருகிறது என்றும், மூச்சு விடுகிற ஆண் உள்ள குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு மண்வெட்டி அனுப்ப வேண்டும் என்பது வழக்கம் என்றும், விருந்தாளி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கடந்துவிட்டால் குடும்பம்தான் என்றும் பணிவாகச் சொன்னார்.

"செத்தும் பயலுக்கு வேல வருது பாத்தியா" என்றான் அஜின். "உயிரோட இருக்கம்ப ஒரு நாளு மம்பெட்டி தொட்டிருப்பானா?"

"எனக்க வீட்டு முத்தத்துல வாழக்கன்னு வச்சது யாரு?" என்றாள் விஜிலா.

"நான். அவன் குடிக்கத் தண்ணி கொண்டு வந்தான்."

விஜிலா சிரித்தாள். அஜினும் ஷர்மிளாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பை அவர்கள் கேட்டு ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. அவள் ஹசிந்தாவின் கோடுபோட்ட துணியை வாங்கி, அந்த ஊர்ப் பெண்கள் பிள்ளையைக் கட்டுவதுபோலத் தலையணையை முதுகில் கட்டிக்கொண்டு, பகல் முழுவதும் வாய்க்காலில் நின்று சேறு அள்ளினாள். முதுகில் அவன் மூச்சு வாங்கினான். வழியில் போன பெண்கள், புருஷன் சுகமா என்று கேட்டார்கள். சுகம்தான் என்று, கற்றுக்கொண்ட ஸ்பானிஷில், அவளே பதில் சொன்னாள்.

உப்பு வெளிக்குப் போக ஒரு கணவாயைக் கடக்க வேண்டும். இன்று போகலாம் என்று ஷர்மிளா சொன்ன நாளெல்லாம் விஜிலா, நாளை என்றாள். ஒருநாள் பையை அவிழ்த்து, துணிகளை எடுத்து ஹசிந்தாவின் அலமாரியில் அடுக்கினாள்.

"என்ன மக்கா பண்ணுக?" என்றாள் ஷர்மிளா.

"நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கதான்."

"எத்தன நாளைக்கு?"

"கீழ எறங்குனா இது பிளாஸ்டிக்கு, ஷர்மி. மேல போனா காத்து விரிஞ்சு வெடிச்சுப் போவும். இந்த ஒரு ஊருலதான் அவனுக்கு மூச்சு வருது. நான் எங்க போவேன், சொல்லு."

"ஒனக்க அம்மைக்கி என்ன சொல்ல?"

"மாப்பிள்ளகூட இருக்கேன்னு சொல்லு."

உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்த ஹசிந்தா, அவர்கள் பேசியதன் பொருளை முகங்களிலிருந்தே படித்துக்கொண்டு, ஏதோ சொன்னாள். ஷர்மிளா அதைத் தமிழில் சொல்லத் தயங்கினாள்.

"என்ன சொல்லுகா?"

"தாதி சொன்னது தப்பாம். இது உயரத்தால வந்த இரைப்பு இல்லியாம். அவரு பாவம், ஒரே வாய் காத்தையே திரும்பத் திரும்ப விட்டுக்கிட்டு கெடக்காருன்னு சொல்லுகா."

விஜிலா காதில் விழாததுபோல, மடித்த துணியையே இன்னொரு தடவை மடித்தாள்.

அந்த ஊரில் பனிக்காலத்தில் உருளைக்கிழங்கை அந்தி நேரத்தில் புல்வெளியில் பரப்பிவிடுவார்கள். இரவெல்லாம் உறைந்து, பகலில் மிதிபட்டு, காய்ந்து, கூழாங்கல்லைப் போலாகி, அது வருடக்கணக்கில் கெடாமல் இருக்கும். கிழங்கு பரப்பப் பெண்களெல்லாம் போன ஒரு மாலையில், விஜிலாவும் ஷர்மிளாவும் அவர்களோடு போனார்கள். தலையணைக்கு அஜின் காவல்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் குளிர், கடையின் ஷட்டரை இழுத்து விட்டதுபோல ஒரேயடியாக விழுந்தது. அந்த நேரத்தில் அந்த ஊரில் காற்று அடைத்த எல்லாமே சுருங்கும். பந்து சுருங்கும், சைக்கிள் டயர் சுருங்கும், காலையில் வெயில் பட்டதும் தானே நிரம்பும். அதை யாரும் ஒரு செய்தியாக நினைப்பதில்லை. மற்ற நாட்களில் அந்த நேரத்துக்குத் தலையணை விஜிலாவின் போர்வைக்குள் போயிருக்கும். அஜின் அது சுருங்கிப் பார்த்ததில்லை. அவன் அந்தி சாய்ந்தாலும் எதுவும் சுருங்காத கடற்கரையில் பிறந்தவன். அவன் கண்முன்னே நீலத் துணி தொய்ந்தது, மடிப்பு விழுந்தது, சீழ்க்கை நூலாகி, நூலும் இழையானது. "லே, ரெஜினே" என்று கூப்பிட்டான். கதவைத் திறந்து தெருவைப் பார்த்தான், ஒருவரும் இல்லை. ரெஜின் செத்த காலையில், நாகர்கோவிலில் பக்கத்துத் தெருவில் குடியிருந்தும், எல்லாம் முடிந்த பிறகுதான் அஜின் போய்ச் சேர்ந்தான். இந்தத் தடவையாவது நேரத்துக்கு இருக்கிறோமே என்று நினைத்தானோ என்னவோ, மூடியைப் பல்லால் இழுத்து, ஒரு பொட்டுக் காற்றும் வெளியே போகாதபடி உதட்டால் அடைத்து, நெஞ்சிலிருந்த அத்தனையையும் உள்ளே ஊதினான். பயம் தீராமல் இன்னொரு தடவையும் ஊதினான்.

மறுநாள் காலையில் ஹசிந்தா அடுப்பைப் பார்த்தபடியே ஐந்து கிண்ணம் வைத்தாள்.

விஜிலா கிண்ணங்களைப் பார்த்தாள். தலையணையை எடுத்துக் காதில் வைத்தாள். சீழ்க்கைக்கு மேலே இன்னொரு மூச்சு, கனத்த, குறட்டை போன்ற மூச்சு, வேறு தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டது.

"யாரு இது?" என்றாள்.

அஜின் கரண்டியைக் கீழே வைத்தான். "நான்தான்."

"என்னது நான்தான்?"

"நேத்து அந்திக்கு சுருங்கிப் போச்சு விஜி. நீங்க கெழங்கு பரத்தப் போயிருந்திய. அவன் போயிருவானோன்னு…"

"ஊதினியா?"

"ஊதினேன்."

"எவ்வளவு?"

"ஒரு மூச்சு." பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு" என்றான்.

அவள் கத்துவாள் என்று அவன் எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, அதைத் தடவிக்கொண்டே, பிள்ளைகள் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னாள்: "அவனுக்கதுன்னு எனக்க கைல இருந்தது அது ஒண்ணுதான் மக்கா. கலக்கிட்டியே."

வெயில் ஏற ஏறத் தலையணை உருண்டு புடைத்தது. தையல் ஓரம் வெளுத்து, நூல் நூலாகத் தெரிந்தது. ஊர் கூடியது. மண்ணில் புதைத்து வைத்தால் சுருங்கும் என்றான் கோல்காப்பாளன்; சுருங்கினால் இருவருக்கும் மூச்சு முட்டும் என்றாள் தாதி. கொஞ்சம் காற்றைத் திறந்து விடலாம் என்றார் மார்செலினோ. விடுவது யாருடையது என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டாள் ஒரு பெண். குளிர்ந்த அறையில், ஈரத் துணி போட்டு வைத்தார்கள். அங்கேயும் தையலில் ஒரு இழை பட்டென்று அறுந்தது.

ஹசிந்தா தன் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "ஒரே கட்டில்ல ரெண்டு ஆம்பளைய எத்தன நாளு படுக்க வைப்பீங்கன்னு கேக்கா" என்றாள் ஷர்மிளா. "எப்பிடியும் திறந்துதான் ஆவணும், கடைசியா நொழஞ்சவன்தான் வாசலுக்குப் பக்கத்துல நிப்பான், அவன் முதல்ல வருவான்னு சொல்லுகா. ஆனா வீட்டுக்குள்ள திறக்கக் கூடாதாம். கணவாய்க்குக் கொண்டு போகணுமாம்."

வெடிக்காமலிருக்க ஈரத் துணியில் சுற்றிய தலையணையோடு விஜிலா ஏற, ஊரில் பாதிப் பேர் கூடவே ஏறினார்கள். கணவாயின் உச்சியில் ஆளுயரக் கற்குவியல் ஒன்று இருந்தது. மலை ஏறுகிறவர்கள் கீழேயிருந்து ஒரு கல்லைச் சுமந்து வந்து அதில் வைத்துவிட்டு, மூன்று கொக்கா இலைகளை விரலிடுக்கில் பிடித்து மலையை நோக்கி ஒரு மூச்சு ஊதிவிட்டுத்தான் அந்தப் பக்கம் இறங்குவார்கள். நம்மூர்ச் சாலையோரத்துச் சுமைதாங்கிக் கல்லைப்போல அது நின்றது. அதற்கு அப்பால், வெகு கீழே, உப்பு வெளி கிடந்தது. வரப்பே இல்லை. வானம் எங்கே தொடங்குகிறது என்றுகூடத் தெரியவில்லை.

விஜிலா கற்குவியலின் ஓரத்தில் உட்கார்ந்து தலையணையை மடியில் வைத்தாள். அது கல்லைப்போல இறுகியிருந்தது. மூடியைத் திறந்து பெருவிரலால் பொத்தி, விரலை மயிரிழை அளவு தூக்கினாள். பூண்டு சூப்பும் கொக்கா இலையும் மணக்க, ஒரு குறட்டைச் சத்தத்தோடு, அஜினின் மூச்சு வெளியே வந்தது. ஒரு தடவை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. பிறகு தலையணை இளகி, அவள் மடியில் தூங்குகிற பிள்ளையைப்போலத் துவண்டது. விரலை மறுபடி அழுத்தினாள். உள்ளே சீழ்க்கை மட்டும், சுத்தமாக, தனியாகக் கேட்டது.

"எனக்க மூச்சு வெளிய போயிட்டு விஜி" என்றான் அஜின். அவன் அழுதுகொண்டிருந்தான். "மூடிரு. போதும். ஊருக்குக் கீழ கொண்டு போயிருவோம். நானும் வேணும்னா இங்கேயே இருக்கேன். கடையத் தம்பி பாத்துக்குவான்."

மூடியிருக்கலாம். மூடி அவள் இடது உள்ளங்கையில் இருந்தது; அலமாரியில் துணிகள் அடுக்கியிருந்தன; வாய்க்காலில் அடுத்த வருடமும் சேறு சேரும். அவள் குனிந்து காதை வைத்தாள். இனி நிம்மதியாக மூச்சு விடுவான் என்று நினைத்துத்தான் வைத்தாள். ஆனால் முதல் நாளைப்போலவே அவன் இரைத்துக்கொண்டிருந்தான். இழுத்தான், விட்டான், விட்டதையே மறுபடி இழுத்தான். ஒரு மழைநாள் மாலையில் அவளிடம் எறிந்துவிட்டு, காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று தூங்கப் போனவன், அந்த ஒரு வாய்க் காற்றோடு இத்தனை காலம் விழித்திருக்கிறான்.

யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு பெருவிரலை எடுத்தாள்.

மரச்சீனிக் கிழங்கின் வாசம் வந்தது, சாளைக் கறியின் வாசம் வந்தது, நனைந்த ஓட்டின், தென்னையோலையின், நாகர்கோவில் மழையின் வாசம் வந்தது. வறண்ட அந்தக் குளிரில் அது வெண்மையான ஆவியாகி அவள் முகத்துக்கு முன்னால் நின்றது. அதற்கு முகம் இல்லை, உருவம் இல்லை. அவள் கன்னத்தில் கொஞ்சம் ஈரம் வைத்துவிட்டு, கற்குவியலைக் கடந்து, உப்பைப் பார்க்கக் கீழே இறங்கியது. ஆண்கள் தொப்பிகளைக் கழற்றினார்கள். ஊர்க்காரர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்து நிற்க, ஹசிந்தா கண்ணை மூடி விருந்தாளிகளைக் காதால் எண்ணினாள். மூன்று.

விஜிலா தலையணையைச் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். ஒவ்வொரு தையலையும் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். பிறகு சரிவில் போய்க்கொண்டிருந்த அந்த வெண்மையை நோக்கி, அடுத்த அறையில் இருப்பவனுக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"பாத்துட்டேன், கேட்டியா. லீக் இல்ல."